ஒரு ஜீப்பு நிறைய ஆதாரம்

சிலமலை சுருளியம்மாளுக்குச் சின்ன வயசிலேயே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும், "யாரு சொன்னா? நீ பாத்தியா?" என்று கேட்டுவிடுவாள். புளியமரத்தில் பேய் உட்கார்ந்திருக்கிறது என்றாலும் அதே கேள்வி. எதிர்வீட்டுக்காரி சங்கிலியை அடகு வைத்துவிட்டாள் என்றாலும் அதே கேள்வி. கோபத்தில் கேட்கிறதில்லை. தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கும் இதுதான் நடந்தது. வந்தவள் மொக்கம்மாள், தூரத்து உறவில் அத்தை முறை. "எம் மகன் வீரையா வெத்தலை பாக்குகூடத் தொடமாட்டான்" என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பல்லைக் காட்டச் சொல்லுங்க."

வீரையா திருதிருவென்று முழித்தான். பிறகு என்ன செய்ய, காட்டினான். பல் செக்கச் செவேலென்று இருந்தது. கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில்தான் அந்தக் கல்யாணம் முடிவானது. மொக்கம்மாளும் சிரித்தாள். ஆனால் இன்றைக்கு வரைக்கும் அது வெத்தலைச் சிவப்பு இல்லை, ஈறு கோளாறு என்றுதான் சாதிப்பாள்.

வீரையாவுக்கு ஜீப்பு ஓட்டுகிற சோலி. போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏலத்தோட்டம். முதலாளிக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. மலையிலிருந்து காய் மூட்டையைக் கடைக்கு இறக்குவதும், கீழேயிருந்து அரிசி, மண்ணெண்ணெய், ஆள் என்று மேலே ஏற்றுவதுமாக வாரம் பூராவும் அவன் வளைவு வளைவாகச் சுற்றிக்கொண்டிருப்பான். தங்குவது மேலே, இன்னும் இரண்டு டிரைவர்களோடு ஒரே அறையில். சனிக்கிழமை சாயந்தரம் சிலமலைக்கு வந்தால் திங்கட்கிழமை விடியப் போய்விடுவான். கல்யாணமாகி இரண்டு வருசம் ஓடியும் சுருளிக்குப் புருசன் விருந்தாளி மாதிரிதான். கறி எடுக்கிற நாளைக்கு வருகிற விருந்தாளி.

"புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் தோட்டத்துல வேலை பாத்தா லயத்து வரிசையில தனி வீடு குடுப்பாக" என்று வீரையா ஒருதரம் ஆரம்பித்தான். "இவளும் காய் பறிக்க வந்தா..."

மொக்கம்மாள் முடிக்க விடவில்லை. "எம் மருமக எட்டாவது பாஸ் பண்ணுனவ. அட்டைக்கு ரத்தம் குடுக்கவாடா படிச்சா? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அந்தப் பேச்சு வேணாம்."

அவள் வேண்டாமென்றால் வேண்டாம்தான். மலை நகர்ந்தாலும் மொக்கம்மாள் நகரமாட்டாள்.

மொழிவாரியாக மாநிலம் பிரித்த மறு வருசம், ஆவணி மாசத்தில் ஒரு சனிக்கிழமை, வீரையா வாசலிலேயே கத்திக்கொண்டு வந்தான். "ஏ சுருளி! தோட்டத்துல பள்ளிக்கூடம் தொறக்கப் போறாக. வாத்தியார் வேலைக்கு எட்டாவது போதுமாம். வீடும் உண்டு!"

சுருளி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா?"

"மொதலாளியே சொன்னாரு. என் காதால கேட்டேன். போதுமா? ஆனா ஒரு பரிச்சை இருக்கு. கட்டுரை. ஒரு மணி நேரந்தான், கடிகாரம் வச்சிருவாக. தலைப்பை இப்பவே சொல்லிட்டாக: காய் பறிக்கிற காலத்துல பள்ளிக்கூடம் நடத்தணுமா, மூடிப் போடணுமா? எந்தப் பக்கம் வேணாலும் எழுதிக்கலாம். ஆனா மொதலாளி கண்டிசனாச் சொல்லிட்டாரு, அலங்காரம் வேணாம், ஆதாரம் வேணும்னு. அடுத்த ஞாயித்துக்கிழமை."

முதலாளிக்கே அதில் குழப்பம்தான். பள்ளிக்கூடம் வேண்டுமென்று சர்க்காரிலிருந்து சொல்லுகிறார்கள். ஆனால் ஆவணியிலிருந்து தை வரைக்கும் தோட்டத்துக்கு ஆள் பற்றாது. தாய்மாரோடு பிள்ளைகளும் செடியடியில் குந்தித்தான் காய் பறித்துக்கொண்டிருந்தன.

சுருளி அன்றைக்கே சிலேட்டை எடுத்துவிட்டாள். வீட்டில் கடிகாரம் கிடையாது. அதற்கு மொக்கம்மாள் ஒரு வழி சொன்னாள். "உலை வச்சுக் கம்பங்களி கிண்டி இறக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் உலை வைக்கையில நீ ஆரம்பி. நான் சட்டியை இறக்கையில நீ குச்சியைக் கீழ வையி."

முதல் நாள் களி இறங்கியபோது சுருளி கலைமகள் வணக்கத்தைத்தான் எழுதி முடித்திருந்தாள்.

"களி ஆறப்போகுது, நீ இன்னும் சாமி கும்பிட்டு முடிக்கலையா?" என்றாள் மொக்கம்மாள்.

மறுநாள் சாமியைக் குறைத்தாள். அதற்கடுத்த நாள் கணக்கு பிடிபட்டுவிட்டது. உலை கொதிக்கிற வரைக்கும் யோசனை. மாவு வேகிற வரைக்கும் எழுத்து. துடுப்புப் போட்டுக் கிண்டுகிற நேரம் திருத்தம். நேரம் கைக்குள் வந்தது. ஆதாரம்தான் வரவில்லை. 'படித்த பிள்ளை நன்றாக வரும்' என்று எழுதுவாள். எழுதின கையோடு அவளுடைய பழைய பழக்கம் அவளையே கேட்கும்: யாரு சொன்னா? நீ பாத்தியா? எச்சிலைத் தொட்டு அழித்துவிடுவாள். அழித்து அழித்துச் சிலேட்டு வெளுத்தது.

"என்னத்தா அழிச்சுக்கிட்டே இருக்க?" என்று மொக்கம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆதாரம் இல்லையே அத்தே."

"இதுக்கா இம்புட்டு வருத்தம்? ஆதாரத்துக்கு நான் பொறுப்பு."

மொக்கம்மாளுக்கு ஊர்க்கூட்டம் தெரியும். வாய்க்கால் தகராறோ, ஆடு மேய்ந்த தகராறோ, கூட்டத்தில் சும்மா சொன்னால் எடுபடாது. பார்த்த ஆள் முன்னால் வரவேண்டும். கேட்டால் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டும். ஆதாரம் என்றால் ஆள். இது அவளுக்குச் சந்தேகமே இல்லாத விசயம். ஆகவே மறுநாள் காலையில் முந்தானையில் ஒரு துண்டு சூடத்தை முடிந்துகொண்டு ஊருக்குள் இறங்கினாள்.

லோடு இருந்ததால் சனிக்கிழமை வராத வீரையா, ஞாயிற்றுக்கிழமை விடிய ஜீப்போடு வந்து நின்றபோது, வாசலில் திருவிழாவுக்குப் புறப்பட்ட மாதிரி ஒரு கூட்டம் நின்றது.

"என்னாத்தா இது?"

"ஆதாரம். ஏத்து."

மொக்கம்மாளின் தம்பி ஒச்சப்பன் புது வேட்டி கட்டி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். எழுத்து தெரியாததால் தேனிக்குப் போகவேண்டியவர் கம்பத்துக்குப் போய் இறங்கியவர் அவர். அதைச் சொல்லத்தான் வருகிறார். அவருடைய கொழுந்தியாள் மாயக்காள், மகன் தபால்காரன் ஆன பெருமையைச் சொல்ல வந்தாள். இன்னும் ஒரு பெரியப்பா, இரண்டு சித்திமார். எல்லாருக்கும் நடுவில், நெல்லிக்காய் மூட்டைக்குள் அகப்பட்ட மாதிரி, சுருளி.

"அத்தே, இது கட்டுரை. நான் ஒருத்தி எழுதுறது. இவுகளை எதுக்கு..."

"நீ எழுது. அவுக நம்பலேன்னா இவுக சொல்லுவாக. யாரு சொன்னான்னு நீதான கேப்ப? இந்தா, இவுகதான் சொன்னது. பேசாம வா."

முந்தலில் மலை தொடங்குகிற இடத்தில், தோட்டத்துக் கங்காணி பெரியகருப்பன் ஒரு சாக்கு மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். பறிப்புக்கு ஆள் கூட்டி வருகிறவர் அவர். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிசன். சின்னத் தலையும் தலைதானே. அதனால் பறிப்பு நாளில் பள்ளிக்கூடம் என்ற பேச்சே அவருக்கு ஆகாது. வீரையா அவரைக் கண்டும் காணாததுமாகப் போகப் பார்த்தான்.

"நிப்பாட்டுடா" என்றாள் மொக்கம்மாள். "மனுசன் சாக்கோட நிக்கிறான். தள்ளி உக்காந்தா எடம் இல்லாமயா போயிரும்?"

தள்ளி உட்கார்ந்தார்கள். சாக்கு, ஏலக்காய் மணத்தோடு, மொக்கம்மாளின் மடியில் பாதி ஏறிக்கொண்டது. இரண்டு வளைவு ஏறுவதற்குள் ஜீப்பில் இருப்பவர்கள் யார், எதற்குப் போகிறார்கள் என்பதெல்லாம் கங்காணிக்குத் தெரிந்துவிட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏத்தா, எல்லாம் ஒரே கொடியில காச்ச காயா இருக்கே! உங்க ஊர்க்கூட்டத்துல சொந்தக்காரன் சாட்சி செல்லுமா?"

செல்லாது. அது ஜீப்பில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். போன மாசம்தான் மைத்துனன் சாட்சி என்று சொல்லி ஒச்சப்பனைக் கூட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் வேட்டி மடிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சுருளி யோசித்துப் பார்த்தாள். கங்காணி சொல்வது நியாயம். இத்தனை பேரும் அவளுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று நினைக்கிறவர்கள். அவர்கள் வேறு எதைச் சொல்லுவார்கள்? தானே முதலாளியாக இருந்தாலும் நம்பமாட்டாள். கீழே வயலெல்லாம் சின்னதாகிக்கொண்டே போனது. திரும்ப அங்கேதான் இறங்கவேண்டும் போல, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை காத்துக்கிடக்க.

மொக்கம்மாளுக்கு வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது. போடிப் பக்கத்துப் பொம்பளை. மடியில் ஏலக்காய் மூட்டை இருந்தால் கையை விடாமல் எப்படி? சாக்கின் வாய்க்கட்டை நெகிழ்த்தி, முழங்கை வரைக்கும் விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். மேலே கிடக்கிற காயை யாரும் பார்ப்பதில்லை; அடியில் கிடப்பதுதான் காய். ஒன்றை நகத்தால் பிளந்தாள். உள்ளே விதை கறுப்பாக இல்லை. வெளிறிச் சுருங்கிக் கிடந்தது.

"என்னய்யா இது, பூராம் பிஞ்சு? இதையா கடையில போட்ட?"

"எங்க போட்டேன்? கடையில எடுக்க மாட்டேனுட்டாக. அதான் திருப்பித் தூக்கிட்டு வர்றேன்" என்று கங்காணி ஆத்திரத்தில் பொங்கினார். "எல்லாம் அந்தச் சின்னப் பயபுள்ளைக கை வச்ச வரிசை! முத்துனது எது, பிஞ்சு எதுன்னு அதுகளுக்கு என்ன தெரியும்? கண்டதை உருவிப் போட்டுருதுக. அதட்டவும் முடியலை, அழுவுதுக. தாய்க்காரியாச்சும் ஒழுங்காப் பறிக்கிறாளான்னா, அவ கண்ணு பாதி பிள்ளை மேல. அட்டை கடிச்சிருச்சா, ஓடையில எறங்கிட்டானான்னு. அவ கூடையும் நெறையுறதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் எந்த ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

சுருளி மெதுவாகத் திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கங்காணி அண்ணே, இன்னொருக்கச் சொல்லுங்க."

"எதை?"

"இப்ப சொன்னதை. நீங்க கண்ணால பாத்ததுதான?"

"பாக்காம? தெனம் அதுகளோடதான மல்லுக்கட்டுறேன்." பிறகு முறைத்தார். "ஏ புள்ள, நீ இதை எழுதிருவியா?"

"உங்களைக் கேக்காம எழுத மாட்டேன்."

ஜீப்பு ஒரு வளைவில் திணறி நின்று, பின்னுக்கு வந்து, மறுபடி ஏறியது. கங்காணி தலையைச் சொறிந்தார். "எழுதுனா முழுசா எழுதணும். பிள்ளை பறிக்கலேன்னா அந்த வீட்டுல அடுப்புக்கு ஒரு பிடி அரிசி கொறையும். அதையும் நான்தான் சொல்றேன். கூட்டாம கொறைக்காம எழுதுறதுன்னா எழுதிக்க. பாதியை எழுதுனியோ, அங்கனயே கிழிச்சுப் போடுவேன்."

"முழுசா எழுதுறேண்ணே."

"மாப்ளே, வெரசா ஓட்டு" என்றார் ஒச்சப்பன் வீரையாவிடம். அவருக்கு உற்சாகம் திரும்பியிருந்தது.

தோட்டத்து ஆபீஸ் முன்னால் ஜீப்பிலிருந்து ஒவ்வொருவராக இறங்க இறங்க, மேனேஜர் வெளியே வந்து வாயைப் பிளந்தார். அவர் மலையாளத்துக்காரர். "எந்தா இது? ஓணத்துக்குச் சத்யை, விருந்து உண்ண வந்தவங்களா?"

முதலாளியும் எட்டிப் பார்த்தார். "யாரும்மா இவுங்கல்லாம்?"

மொக்கம்மாள் சேலையை உதறிவிட்டு நிமிர்ந்து நின்றாள். "நாங்கதான்யா ஆதாரம்."

முதலாளி ஒன்றும் புரியாமல் வீரையாவைப் பார்த்தார். வீரையா ஜீப்பின் டயரைப் பார்த்தான். கடைசியில் ஆதாரம் அத்தனை பேருக்கும் வெளியே சாக்கு விரித்து, ஆளுக்கொரு கட்டன் சாயா கொடுக்கச் சொன்னார் மேனேஜர்.

பரிச்சைக்கு வந்தது இரண்டே பேர். இன்னொருவன் சின்னமுத்து, போடிக்காரன், பத்தாவது படித்தவன், சட்டைப் பையில் பேனா. மேனேஜர் மேசை மேல் அலாரம் வைத்த கடிகாரத்தைத் திருகி வைத்தார். "ம், தொடங்கு."

சின்னமுத்துவின் பேனா உடனே ஓட ஆரம்பித்தது. பெரியவர்கள் சொன்னது, பாட்டில் வந்தது என்று அவன் மனசில் மூட்டை மூட்டையாக இருந்தது. சுருளி பேனாவைத் தொடவில்லை. உலை வைத்தாயிற்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கண்ணை மூடி, தண்ணீர் சூடாகி, ஓரத்தில் குமிழ் விட்டு, தளதளவென்று வருகிற வரைக்கும் யோசித்தாள். வெளியே மொக்கம்மாள் சாயாவில் பால் இல்லை என்று மேனேஜரோடு சண்டை போடுகிற சத்தம் கேட்டது. அது கேட்டதே ஒரு தெம்பாக இருந்தது. உலை கொதித்தது. எழுதினாள்.

'பறிப்புக் காலத்திலும் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும். இதை நான் சொன்னால், வேலைக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறாள் என்பீர்கள். என் உறவுக்காரர்கள் சொன்னால், உறவுக்காகச் சொல்கிறார்கள் என்பீர்கள். ஆகவே, பிள்ளைகள் பறிக்க வந்தால்தான் தனக்கு நல்லது என்றிருக்கும் ஒருவர் தன் கண்ணால் பார்த்துச் சொன்னதைச் சொல்கிறேன்.'

அப்புறம் கங்காணி சொன்ன பிஞ்சையும், தாயின் பாதிக் கண்ணையும், நிறையாத கூடையையும் எழுதினாள். அடுப்புக்குக் குறைகிற ஒரு பிடி அரிசியையும் விடவில்லை. அந்தக் குறைக்கு, மதியம் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினால் வீட்டு அடுப்பில் அந்தப் பிடி மிஞ்சும் என்றாள். கடைசியில், 'நான் சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் கடையே திருப்பி அனுப்பிய மூட்டை வெளியே ஜீப்பில் இருக்கிறது. அடியில் கையை விட்டு எடுத்துப் பாருங்கள்' என்று முடித்தாள். துடுப்புப் போடுகிற நேரத்துக்குத் திருத்தினாள். களியை இறக்கினாள். அலாரம் அடித்தது.

முதலாளி இரண்டையும் படித்தார். சின்னமுத்துவின் கட்டுரையைப் படிக்கையில் தலையாட்டினார். அழகான தமிழ், குண்டு குண்டான எழுத்து. சுருளியுடையதைப் படிக்கையில் தலை ஆடவில்லை. எழுந்து நேரே ஜீப்புக்குப் போய், சட்டைக் கையை மடித்துவிட்டு, சாக்குக்குள் கையை விட்டார். அடியிலிருந்து ஒரு பிடி. ஒன்றைப் பிளந்தார். இன்னொன்றைப் பிளந்தார்.

"பெரியகருப்பா!"

கங்காணி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"இதெல்லாம் நீ சொன்னதுன்னு இந்தப் பொண்ணு எழுதியிருக்கு. நெசமா?"

சுருளி கங்காணியின் வாயையே பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கமிசனும் கெடாது, அவரும் தப்பித்தார். மொக்கம்மாள் சட்டென்று முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சூடத்தை நீட்டினாள். "யாராச்சும் தீப்பெட்டி கொண்டாங்கப்பா. அணைச்சுச் சொல்லட்டும்!"

"அதை உள்ள வையி ஆத்தா" என்றார் கங்காணி. "மொதலாளி, முதல்ல அதை வாசிங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

முதலாளி வாசித்தார். கங்காணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். அரிசி வந்த இடத்தில் 'ம்' என்றார். அட்டை வந்த இடத்தில் அவர் வாய் கோணி, சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அவர் பேச்சு காகிதத்தில் ஏறி இன்னொருவர் வாயால் திரும்பி வந்ததை அதுவரைக்கும் அவர் கேட்டதில்லை.

"நான் பேசுனது அப்படியே இருக்கு மொதலாளி. கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல. சொன்னது சொன்னதுதான்." பிறகு கொஞ்சம் இறங்கின குரலில், "அந்த அரிசி வர்ற எடத்தை இன்னொருக்க வாசிங்களேன்" என்றார்.

சாக்கில் உட்கார்ந்திருந்த ஆதாரம் அத்தனையும் சிரித்தது. முதலாளியும் சிரித்துக்கொண்டே இன்னொருதரம் வாசித்தார்.

வேலை சுருளிக்கு. சின்னமுத்துவின் கையெழுத்தைப் பார்த்து, கடைக்குக் கடுதாசி எழுத நாளையிலிருந்து வா என்றார் முதலாளி. அவனுக்கு வாயெல்லாம் பல். மலைக்குளிர் அவனுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லையாம். கூட வந்தவர்களில் ஒச்சப்பனுக்குத்தான் ஒரு குறை. "கம்பத்துல போயி எறங்குனதை ஒருத்தனும் கேக்கலையே" என்று இறங்குகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

புரட்டாசி முதல் வாரம் லயத்தில் வீடு கொடுத்தார்கள். ஓர் அறை, ஒரு அடுப்பு, கதவைத் திறந்தால் உள்ளே வருகிற மேகம். சாமான்களை ஏற்றிக்கொண்டு மொக்கம்மாளும் வந்தாள்.

"நீங்களும் இங்கனயே இருங்க அத்தே" என்று சுருளி கெஞ்சினாள்.

"கம்பங்காட்டை யாரு பாக்கிறது, உங்க மொதலாளியா? நான் சிலமலையிலதான் கெடப்பேன். களி தின்னணும்னு தோணுனா வர்றேன்."

புது அடுப்பில் பால் காய்ச்சவேண்டும். மலை விறகு, மூன்று நாள் மழையில் நனைந்து கிடந்தது. வீரையா ஊதினான், கண் கலங்கியது. சுருளி ஊதினாள், புகைதான் வந்தது. இரண்டு பேரும் இருமிக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இனி சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவேண்டாம் என்ற சிரிப்பு அது.

"தள்ளுங்க" என்றாள் மொக்கம்மாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அந்தச் சூடத் துண்டு அப்படியே இருந்தது. விறகுக்கு அடியில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள். குப்பென்று பிடித்தது.

"பாத்தியா? அன்னைக்குக் கொண்டுவந்த ஆதாரம் வீணாகலை" என்றாள். "பரிச்சையில செயிச்சதும் என் ஆதாரம்தான்."

"அது கங்காணி அண்ணன் சொன்னது அத்தே."

"அவனை ஜீப்புல ஏத்தச் சொன்னது யாரு?"

சுருளி பதில் சொல்ல வாயெடுத்தாள். யாரு சொன்னா, நீ பாத்தியா என்று கேட்க இதில் இடமே இல்லை. அவளே கூட இருந்து பார்த்தது. பால் பொங்கியது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் சட்டியைப் பிடிக்கக் கையை நீட்டினார்கள்.